காரமும் களியும்

சென்ற சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டு இளைஞர்களின் கைப்பேசித் திரைகளில் ஒரு சிவந்த பதார்த்தம் அடிக்கடி தோன்றுகிறது. விரல் நீளத்தில் வெண்மையாகவும் வழவழப்பாகவும் உருட்டப்பட்ட அரிசிமாவுத் துண்டுகள், மிளகாய் விழுது கரைந்த நீரில் கொதித்துக் கொதித்து, கெட்டியான செங்குழம்பு மேலெல்லாம் பூசியபடி ஆவி பறக்கத் தட்டில் விழுகின்றன. கொரிய நாடகத்தின் கதாநாயகி மனம் நொந்த மாலைகளிலும், பரீட்சை முடிந்த மகிழ்ச்சியில் தோழிகளோடு திரும்பும் வேளைகளிலும், தெருவோரக் கூடாரத்துக்குள் நுழைந்து, மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிய அதை உண்கிறாள். அதன் பெயர் தொக்பொக்கி. கரும்பும் மக்காச்சோளமும் மரவள்ளியும் விளைகிற கள்ளக்குறிச்சிச் சமவெளியின் பிள்ளைகளுக்கும் இந்தப் பெயர் இன்று அந்நியமானதல்ல. பெரிய ஊர்களின் கொரிய உணவகங்களுக்குப் போக வாய்க்காதவர்கள், பல்பொருள் அங்காடிகளில் கிடைக்கும் காரமான கொரிய நூடுல்ஸ் பாக்கெட்டைக் கொண்டாவது அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்கிறார்கள்.

இதைக் கண்டு வருந்துவதற்கு ஒன்றுமில்லை. அயல்நாட்டு ருசி ஒன்று ஒரு தலைமுறையின் நாவைப் பிடித்துக்கொள்வது சரித்திரத்தில் புதிய காரியமும் அல்ல. ஆனால் மனம் தளர்ந்த வேளையில் மனிதன் காரமான ஆகாரத்தை ஏன் நாடுகிறான், அந்த ஆகாரம் அவன் தேகத்துக்கு உண்மையில் என்ன தருகிறது என்ற இரண்டு கேள்விகளையும் இந்தச் செங்குழம்பை முன்னிட்டு நாம் சற்று நிதானமாக யோசிக்கலாம். அப்படி யோசிக்கிறவர்கள், கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து கல்வராயன் மலைமேல் ஏறிச் சென்றால், அதே ஆறுதலை அதைவிடப் போஷாக்கான பாத்திரத்தில் காண்பார்கள் என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் கொரியாவின் கதையைப் பார்ப்போம். தொக் என்பது அரிசியை இடித்து ஆவியில் வேகவைத்துச் செய்யும் பண்டம். நம் கொழுக்கட்டைக்கும் இடியாப்பத்துக்கும் நெருங்கிய உறவு என்று சொல்லலாம். அந்த நாட்டின் பழைய பிரபுக்களின் வீடுகளிலும் அரண்மனையிலும் இதை மாட்டிறைச்சியோடும் காய்கறிகளோடும் சோயாச் சாற்றில் வதக்கி உண்டார்கள். அதில் மிளகாயின் சிவப்பு இல்லை. இன்று உலகம் அறிந்த காரமான வடிவம் கொரிய யுத்தத்தின் துப்பாக்கிகள் ஓய்ந்த 1953ஆம் ஆண்டில்தான் பிறந்ததாகச் சொல்லப்படுகிறது. சியோல் நகரின் சின்டாங் பகுதியில் மா பொக்-ரிம் என்ற பெண்மணி, கொச்சுஜாங் என்னும் மிளகாய் விழுதில் அரிசித் துண்டுகளைக் கொதிக்கவைத்துத் தெருவில் விற்கத் தொடங்கினார் என்பதும், அந்தத் தெரு பிற்காலத்தில் தொக்பொக்கிக் கடைகளுக்கென்றே பெயர் பெற்றது என்பதும் அந்நாட்டில் பிரசித்தமான வரலாறு.

யுத்தம் முடிந்த தேசத்தில் அரிசி அருமையாக இருந்தது. அமெரிக்க உதவியாகக் கோதுமை மாவு கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. அரிசியைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும், கோதுமைப் பண்டங்களை அதிகமாக உண்ண வேண்டும் என்று 1960களிலும் 1970களிலும் அந்நாட்டு அரசாங்கமே பிரசாரம் செய்தது. ஆகையால் தெருக்கடைகளின் தொக் பெரும்பாலும் கோதுமை மாவினால் ஆனதாக மாறிற்று. தானியம் மாறியபோதிலும் பண்டம் மாறியதாக உண்பவர்களுக்குத் தோன்றவில்லை. மேலே பூசிய காரம் அப்படியே இருந்ததுதான் அதற்குக் காரணம். இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். கிடைத்த மாவு எதுவாயினும் அதை விருப்பத்தோடு உண்ணச் செய்யும் சாமர்த்தியம் காரத்துக்கு உண்டு. அதன் வல்லமையும் அதில் மறைந்துள்ள அபாயமும் இதுவே.

காரம் என்பது சாஸ்திர ரீதியில் ஒரு சுவையே அல்ல. இனிப்பையும் புளிப்பையும் அறிகிற நாவின் மொட்டுகள் மிளகாயை அறிவதில்லை. மிளகாயின் நடுவில் விதைகளைத் தாங்கி நிற்கும் வெளிறிய சதையில் ஊறும் காப்சைசின் என்ற பொருள், வாயிலுள்ள நரம்பு முனைகளில் சூட்டை உணர்வதற்காக இயற்கை வைத்திருக்கும் ஒரு வாயிலைத் திறந்துவிடுகிறது. சுமார் 43 டிகிரி வெப்பத்தில் திறக்க வேண்டிய அந்த வாயில், வெப்பமே இல்லாதபோதும் மிளகாய் பட்டவுடன் திறந்துகொள்வதால், வாய் எரிகிறது என்று மூளை நம்பிவிடுகிறது. 1997ஆம் ஆண்டில் இந்த வாயிலைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ், 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை ஆர்டெம் பட்டபூட்டியனோடு பகிர்ந்துகொண்டார். காரக்குழம்பு ஆறியிருக்கும்போது சாதுவாகவும், கொதிக்கக் கொதிக்க உண்ணும்போது உக்கிரமாகவும் இருப்பது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும். மெய்யான சூடும் மிளகாயின் பொய்ச் சூடும் ஒரே வாயிலில் ஒன்றுகூடுகின்றன. எரிச்சலைத் தணிக்கத் தண்ணீர் குடிப்பதில் பயனில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். காப்சைசின் தண்ணீரில் கரையாதது, கொழுப்பில் கரைவது. ஆகவே ஒரு வாய்த் தயிரோ பாலோதான் உபகாரம் செய்யும்.

தேகத்துக்குத் தீங்கு நேர்ந்துவிட்டதாக எண்ணிய மூளை, வலியைப் பொறுப்பதற்கான தன் சொந்த மருந்தாகிய எண்டார்பினைச் சுரக்கச் செய்கிறது, நெற்றி வியர்க்கிறது, மூக்கடைப்பு விடுகிறது, சற்று நேரத்தில் எரிச்சல் அடங்க, சுரந்த மருந்தின் இதம் மட்டும் எஞ்சி நிற்கிறது. அழுதபின் மனம் இலேசாவது போன்ற ஓர் இளைப்பாறுதல் அது. ஆனால் வெறும் மிளகாயைக் கடித்தவனுக்கு அந்த நிம்மதி கிடைப்பதில்லை. எரிச்சலைத் தாங்கி உள்வாங்க, மிருதுவாகவும் சூடாகவும் வயிற்றை நிரப்புவதாகவும் ஒரு மாவுப் பண்டம் உடன் வேண்டும். கொரியாவின் அரிசித் துண்டும், ஆந்திரத்தின் பச்சடி கலந்த சூடான சோறும், நம்முடைய களியும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. மனித ஜாதியின் ஆறுதல் உணவுகளில் பல இந்தக் கூட்டில் பிறந்தவை.

மிளகாய் நமக்கும் பூர்வீகச் சொத்தல்ல, கொரியர்களுக்கும் அல்ல. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த அந்தச் செடியைப் போர்த்துகீசியர் 15ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பிறகு இந்தியக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் நம் முன்னோரின் காரம் மிளகிலும் திப்பிலியிலும் இஞ்சியிலும் கடுகிலும் இருந்தது. கொரியாவுக்கோ 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஜப்பானியப் படையெடுப்பு நடந்த காலத்தையொட்டி அது சென்று சேர்ந்தது என்பது பெரும்பாலோர் கொள்கை. 1614ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒரு கொரிய நூலில் அதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. ஏறக்குறைய ஒரே நூற்றாண்டில் வந்த ஒரே விருந்தாளியை இரண்டு தேசங்களும் வீட்டு மனிதராகவே ஆக்கிக்கொண்டன. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. கிம்ச்சி என்னும் ஊறிய முட்டைக்கோஸைப் புளிக்கவைப்பதில் முன்னின்று உழைக்கும் லியூகோநாஸ்டாக் என்ற நுண்ணுயிர்தான் நம் வீடுகளின் இட்லி மாவையும் இரவோடிரவாகப் பொங்கச் செய்கிறது.

இனி மலைக்கு வருவோம். கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஓர் அங்கமாகிய கல்வராயன், சேலம் மாவட்டத்துக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் பொதுவாகப் படர்ந்து கிடக்கிறது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்ற இரு பிரிவுகளாக அதைச் சொல்வது வழக்கம். கோமுகியும் மணிமுத்தா நதியும் இங்கே பிறந்து சமவெளியின் வயல்களுக்கு இறங்குகின்றன. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக உதயமானது 2019ஆம் ஆண்டு நவம்பரில்தான்; வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன் மலை வட்டம் அதில் ஒன்று. மலையில் வசிப்போரில் மிகப் பெரும்பாலோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். கேரள தேசத்தாரோடு இவர்களுக்குச் சம்பந்தமில்லை, இவர்கள் பேசுவது தமிழே. காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து தங்கள் முன்னோர் மலையேறி வந்தார்கள் என்பது இவர்களிடையே வழங்கும் கர்ணபரம்பரை. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்த இந்தப் பிரதேசம், நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழிந்து, 1976ஆம் ஆண்டில்தான் அந்தப் பிடியிலிருந்து விடுபட்டது. இவ்வளவு காலம் வெளியுலகத்தின் கை எட்டாமல் இருந்த மலையில், ஜனங்கள் தங்கள் நிலத்தில் விளைந்ததையே உண்டார்கள். சாமை, தினை, கேழ்வரகு ஆகிய தானியங்களும், கொள்ளு, மொச்சை, அவரை, துவரை ஆகிய பயறுகளும், தாமாக முளைத்த கீரை வகைகளுமே அவர்களுடைய களஞ்சியம்.

மழைக்கால மாலைகளில் மேகம் தாழ்ந்து வந்து ஓட்டுக் கூரைகளின்மேல் படியும்போது, உழைத்து நனைந்து வீடு திரும்பியவர்களுக்கு வேண்டியது சூடான களியும் காரமான கொள்ளுக் கடைசலும்தான். சமவெளியில் சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்துக் கிராமங்களிலும் இதே பழக்கம் உண்டு. களி கிண்டுவதைப் பாராதவர்களுக்காக அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் அது பார்ப்பதற்கு எளிது, செய்வதற்குப் பழக்கம் வேண்டும்.

அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது முதலில் ஒரு கைப்பிடி நொய்யைப் போடுவார்கள். சாமை நொய்யானாலும் சரி, அரிசி நொய்யானாலும் சரி. நொய் குழைந்து கஞ்சியானதும், கேழ்வரகு மாவைக் கலக்காமல் நடுவில் குவியலாகக் கொட்டி, துடுப்பின் காம்பால் குவியலின் நடுவே ஒரு துளையிடுவார்கள். அந்தத் துளை வழியாகக் கஞ்சி மேலே வந்து மாவை மூடிக் கொப்பளிக்கும். தீயைத் தணித்து மூடி வைத்து, மாவின் பச்சை வாசனை போகும் வரையில் காத்திருந்து, பிறகு பாத்திரத்தை இறக்கி அசையாமல் இடுக்கிக்கொண்டு, துடுப்பால் கிண்டத் தொடங்குவார்கள். இரண்டு கைகளின் முழு பலமும் அதற்கு வேண்டும். ஒரு கட்டி தட்டினாலும் களி கெட்டது. வெந்துவிட்டதா என்று அறிவதற்கு ஒரு சோதனை உண்டு. கையை நீரில் நனைத்துக் களியைத் தொட்டால் ஒட்டக் கூடாது. பிறகு ஈரத் தட்டில் அள்ளி வைத்து, நீர் தொட்ட கையால் உருட்டினால், கருஞ்சிவப்பாகப் பளபளக்கும் உருண்டைகள் கிடைக்கும்.

கொள்ளை முன்னிரவே ஊறவைத்து, மறுநாள் நன்றாக வேகவைத்து, நீரை வடித்துத் தனியே வைத்துக்கொள்வார்கள். அந்த நீர் ரசத்துக்குப் போகும். வெந்த கொள்ளோடு காய்ந்த மிளகாய், பூண்டு, சீரகம், சின்ன வெங்காயம், கொஞ்சம் புளி சேர்த்து மண்சட்டியில் மத்தினால் கடைந்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுவார்கள். உண்ணும்போது களியில் ஒரு துண்டைக் கிள்ளி, கட்டைவிரலால் குழித்து, அந்தக் குழியில் கடைசலை அள்ளி அப்படியே விழுங்க வேண்டும். தொக்பொக்கியின் இன்பம் மெல்லுவதில் இருக்கிறது. பல்லுக்கு நெகிழ்ந்தும் நெகிழாமலும் அது தரும் இழுவைதான் அதன் கவர்ச்சி. களியின் இன்பமோ விழுங்குவதில் இருக்கிறது. தொண்டை வழியாக அந்தச் சூடு கீழிறங்கி வயிற்றில் அமர்வதைத் தேகம் முழுவதும் உணர்கிறது. காரமில்லாத களியை விழுங்குவது கடினம் என்பதும், களியில்லாமல் அந்தக் கடைசலை உண்பது அதைவிடக் கடினம் என்பதும் மலையில் யாவரும் அறிந்த விஷயம்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அதே அளவு தீட்டிய அரிசியில் இருப்பது 8 மில்லிகிராமுக்கும் குறைவு. நார்ச்சத்து கேழ்வரகில் 11 கிராம், அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. கொள்ளில் 100 கிராமுக்குப் புரதம் ஏறக்குறைய 22 கிராம், இரும்பு 8 மில்லிகிராமுக்கு மேல். ஆக, ஒருவர் ஒரு வேளைக்கு 100 கிராம் கேழ்வரகு மாவும் 30 கிராம் கொள்ளும் உண்பதாக வைத்துக்கொண்டால், அவருக்குக் கிடைப்பது 13 கிராமுக்குக் குறையாத புரதம், சுமார் 445 மில்லிகிராம் சுண்ணாம்பு, சுமார் 7 மில்லிகிராம் இரும்பு. வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டுமென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் விதித்திருக்கும் சுண்ணாம்பு 1,000 மில்லிகிராம். அதில் பாதிக்குச் சற்றே குறைவானது ஒரு வேளை ஆகாரத்திலேயே சேர்ந்துவிடுகிறது.

அளவுக்கு மேலாக இதில் இன்னொரு விசேஷம் உண்டு. தானியங்களின் புரதத்தில் லைசின் என்ற கூறு குறைவு. பயறுகளில் அது நிறைய உண்டு, ஆனால் தானியத்தில் தாராளமாக உள்ள மெத்தியோனின் பயறுகளில் குறைவு. இரண்டும் ஒரே வேளையில் வயிற்றில் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. ரசாயன சாஸ்திரம் இதைக் கண்டுபிடிப்பதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே, எழுத்தறியாத மலைப்பெண்கள் களிக்குப் பக்கத்தில் கொள்ளை வைத்துவிட்டார்கள். தொக்பொக்கியிலோ பெரும்பகுதி மாவுச்சத்துதான். குழம்பின் இனிப்புக்காகச் சர்க்கரையும் சேர்கிறது. அதோடு அவித்த முட்டையும், மீன் விழுதால் செய்த தகடுகளும், முட்டைக்கோஸும் வெங்காயத்தாளும் சேர்த்துக் கொரியர்கள் அந்தக் குறையை ஓரளவு சரிக்கட்டுகிறார்கள். அவற்றை நீக்கிவிட்டு வெறும் மாவையும் காரத்தையும் மட்டும் இறக்குமதி செய்துகொள்கிறவர்களுக்குத்தான் நஷ்டம்.

நம் ஆகாரத்தைப் புகழும்போது உள்ளதை மிகைப்படுத்தாமல் சொல்வதும் கடமையாகும். கேழ்வரகிலும் கொள்ளிலும் உள்ள பைட்டேட், டானின் முதலிய பொருள்கள், சுண்ணாம்பையும் இரும்பையும் தேகம் முழுவதுமாகக் கிரகித்துக்கொள்ளாமல் தடுக்கின்றன. ஊறவைப்பதும் முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் அந்தத் தடையைக் குறைக்கும். எலுமிச்சைச் சாறோ, நெல்லிக்காயோ, கடித்துக்கொள்ளும் பச்சைமிளகாயோ தரும் ஸி வைட்டமின், இரும்பு உடலில் சேர உதவும். உணவு முடிந்த கையோடு தேநீர் குடிப்பது அதற்கு நேர் விரோதம். நீரிழிவு உள்ளவர்கள், கேழ்வரகு என்ற பெயரை நம்பி எத்தனை உருண்டை வேண்டுமானாலும் உண்ணலாம் என்று எண்ணுவதும் தவறு. நைஸாக அரைத்துக் குழைய வேகவைத்த மாவு எந்தத் தானியத்தின் மாவானாலும் இரத்தத்தில் சர்க்கரையை விரைவாகவே ஏற்றும். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை வைத்துக்கொண்டு, கொள்ளுத் தண்ணீர் கொழுப்பைக் கரைத்துவிடும் என்று விளம்பரம் செய்கிறவர்களையும் நம்ப வேண்டாம். அதன் புரதமும் நார்ச்சத்தும் நெடுநேரம் பசி தாங்க உதவும், அவ்வளவே.

அந்த ஹைதராபாத் நிறுவனம் பிறந்த இடம் தமிழ்நாடு என்பது பலருக்குத் தெரியாது. 1918ஆம் ஆண்டில் குன்னூரில் ஒரு சிறிய ஆராய்ச்சிச் சாலையாக அதைத் தொடங்கியவர் ராபர்ட் மெக்காரிசன். இந்தியாவின் பல பிரதேசத்தார் உண்ணும் ஆகாரங்களை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து அவற்றின் வளர்ச்சியை அவர் ஒப்பிட்டபோது, கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் சேர்ந்த சீக்கியரின் ஆகாரம் முதலிடத்திலும், தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாணத்தாரின் ஆகாரம் கடைசியிலும் நின்றன. மலைமக்களின் களியும் கொள்ளும் அந்தச் சோதனைச் சாலைக்குப் போகவில்லை. போயிருந்தால் நம் மாகாணத்தின் மதிப்பெண் சற்று உயர்ந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

கொரியாவில் அரசாங்கத்தின் கோதுமை, அரிசியை விரட்டிக்கொண்டு தெருக்கடைக்குள் நுழைந்ததைச் சொன்னேன். கல்வராயன் மலையில் நடந்தது அதன் மறுபக்கம்; இங்கே அரசாங்கத்தின் அரிசி, சாமையையும் கேழ்வரகையும் அடுப்பங்கரையிலிருந்து விலக்கிற்று. 2008ஆம் ஆண்டில் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து இலவசமாகவும் ரேஷன் அரிசி கிடைக்கலாயிற்று. இதைக் குறை கூற எனக்கு நா எழாது. பஞ்சத்தையும் பட்டினியையும் அறிந்த மலைக்குடும்பங்களுக்கு மாதந்தோறும் உறுதியாகக் கிடைக்கும் அரிசி எத்தகைய அபயம் என்பது பசித்தவர்களுக்குத்தான் தெரியும். ஆயினும் விளைவு விளைவுதான். சாமை விளைந்த சரிவுகளில் பணப்பயிராக மரவள்ளி ஏறிற்று; கிழங்கு லாரிகளில் ஏறி ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. வீட்டில் வேகும் கிழங்கு, பச்சைமிளகாய்த் துவையலோடு சாப்பிட அருமையான பண்டம்தான். ஆனால் அதில் மாவுச்சத்தைத் தவிர மற்றவை சொற்பம். உலையில் தானியம் மாறியும், கடைசலின் காரம் மாறாததால், இழந்தது இன்னதென்று நாவுக்குத் தெரியவில்லை. தேகத்துக்குத் தெரிந்தது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இரத்தசோகை உள்ளவர்கள். அதற்குக் காரணங்கள் பல. தட்டில் அரிசி மட்டும் எஞ்சியது அவற்றில் ஒன்று.

சிறுதானியம் விலகியதற்கு அரிசியை மட்டும் பொறுப்பாக்குவதும் நியாயமன்று. சாமையின் உமியைப் போக்கி அரிசியாக்குவது எவ்வளவு கடினமான உழைப்பு என்பதை உரலும் உலக்கையும் பிடித்த பெண்கள் அறிவார்கள். அண்டையிலுள்ள கொல்லிமலையில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் செய்த முயற்சிகளில் முக்கியமானது, உமி நீக்கும் சிறிய இயந்திரங்களைக் கிராமங்களுக்குக் கொண்டுவந்ததே. பெண்களின் தோள்வலி குறைந்த இடத்தில் சாமை உலைக்குத் திரும்பி வரும் என்பதை அது காட்டிற்று. திருவண்ணாமலை மாவட்டத்து அத்தியந்தலில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் நல்ல விதைகளை உண்டாக்கிவருகிறது. விதை இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, உண்டு பழகிய நாவும் இன்னும் முற்றிலும் மறந்துவிடவில்லை.

பாக்கெட் நூடுல்ஸைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் விடுவதற்கில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு விதிக்கும் உப்பு 5 கிராமுக்கும் குறைவு. அதாவது சோடியம் 2,000 மில்லிகிராமுக்கும் குறைவு. காரமான நூடுல்ஸ் பாக்கெட் ஒன்றிலேயே 1,000 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சோடியம் இருப்பது சாதாரணம். பாக்கெட்டின் பின்புறத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்க்கலாம். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் டென்மார்க் அரசாங்கம், காப்சைசின் அளவு மிதமிஞ்சியிருப்பதாகச் சொல்லிச் சில கொரிய நூடுல்ஸ் வகைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் செய்தது. குழந்தைகளை உத்தேசித்தே அந்த எச்சரிக்கை. யாரால் அதிகக் காரத்தைத் தாங்க முடியும் என்று சிறுவர்கள் பந்தயம் கட்டி உண்பதைத் தாய்தந்தையர் தடுக்க வேண்டும். வயிற்றுப்புண்ணும் நெஞ்செரிச்சலும் உள்ளவர்கள் எந்த நாட்டுக் காரத்திலும் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

தொக்பொக்கி வேண்டும் என்று பிடிவாதம் செய்யும் பிள்ளைக்கு வீட்டிலேயே செய்து கொடுப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. கொழுக்கட்டை மாவை, பாதி அரிசியும் பாதி கேழ்வரகுமாகக் கலந்து, கொதிநீர் விட்டுப் பிசைந்து, விரலளவு நீளத்தில் உருட்டி ஆவியில் அவித்துக்கொள்ளுங்கள். காய்ந்த மிளகாயை ஊறவைத்துப் பூண்டோடும் சின்ன வெங்காயத்தோடும் அரைத்து, நல்லெண்ணெயில் வதக்கி, கொள்ளு வடித்த நீரை விட்டு, கடைந்த கொள்ளில் இரண்டு கரண்டியும் ஒரு துளி வெல்லமும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். குழம்பு கெட்டிப்படும் தருணத்தில் அவித்த துண்டுகளைப் போட்டுப் புரட்டி, மேலே ஒரு முட்டையையோ ஒரு பிடி முருங்கைக்கீரையையோ சேர்த்து இறக்கினால், சிவப்பும் உண்டு, காரமும் உண்டு, மெல்லுகிற சுகமும் உண்டு, புரதமும் சுண்ணாம்பும் உண்டு. அம்மிணிக் கொழுக்கட்டையைத் தாளித்துக் கொடுத்துப் பழகிய எந்த வீட்டுக்கும் இது புதிய வித்தை அல்ல.

வீடுகள் செய்ய வேண்டியதைச் சொன்னேன். அரசாங்கம் செய்ய வேண்டியதையும் சொல்லி முடிக்கிறேன். 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில், இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் நல்ல ஏற்பாடு ஒன்று தொடங்கிற்று. கல்வராயன் மலையின் ஒவ்வொரு ரேஷன் கடையிலும் அதே கேழ்வரகும், அதோடு கொள்ளும், மாதந்தோறும் தவறாமல் கிடைக்க வேண்டும். அதை மலை விவசாயிகளிடமிருந்தே நேர் விலைக்குக் கொள்முதல் செய்ய வேண்டும். மலையிலுள்ள அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளின் சமையற்கூடங்களில் வாரம் இரண்டு நாளாவது களியும் கொள்ளுக் கடைசலும் பரிமாறப்பட வேண்டும். மாவட்ட நிர்வாகத்தாரும் பள்ளிகளின் பொறுப்பாளர்களும் இதை அடுத்த பருவத்துக்கு முன்பே செய்து காட்டலாம். செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.